அவர்களுக்காக மன்னிக்க நாம் யார்?

2009இல் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் பற்றி வடசேரியில் நடந்த ஒரு கூட்டத்தில் போதகர் ஒருவர் பேசினார். நடந்தது நடந்துவிட்டது, அதைக் கிளறுவது கிறிஸ்தவனுக்கு அழகல்ல, மன்னித்து மறந்து ஜெபிப்போம், நியாயம் தீர்ப்பது கர்த்தருடைய வேலை என்றார். பலர் ஆமென் சொன்னார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது வேதத்துக்கு விரோதம், செத்தவர்களுக்குத் துரோகம்.

மன்னிக்கும் உரிமை அடிபட்டவருக்கு உரியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைச் செய்யட்டும், செய்யாமலும் இருக்கட்டும். கடலுக்கு இந்தப் பக்கம் எதையுமே இழக்காமல் இருக்கும் நாம் அவள் பெயரில் மன்னிப்பு வழங்குவது திருட்டு.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஜெபிக்கத் தெரியாதவரா? 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் வைத்தது அரசாங்கக் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) கணக்கை. 2008 அக்டோபரில் போர்ப் பகுதியான வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்தபோது அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். கொல்லப்பட்டார்கள் என்று அவர் அறுதியிடவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றார். அதற்காகப் போலீஸ் அவரை விசாரித்தது. 2021 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் போதகர் ‘கிளறுவது’ என்கிறார்.

2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டு வெடித்தது. மறு ஆண்டு ஈஸ்டரில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். அதோடு அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பின்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்; 2022இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கே போனார். மன்னிப்பும் விசாரணையும் அங்கே சண்டையிடவில்லையே. நீர்கொழும்பின் தாய்க்கு உள்ள உரிமை முல்லைத்தீவின் தாய்க்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது?

வேதத்தைக் காட்டிப் பேசினார் என்பதால் வேதத்திலிருந்தே சொல்கிறேன். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ரிஸ்பாள் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய இரண்டு மகன்களையும் சவுலின் பேரன்கள் ஐந்து பேரையும் தூக்கில் போட்டு, உடல்களை அடக்கம் செய்யாமல் விட்டார்கள். அவள் பாறையில் இரட்டு விரித்து உட்கார்ந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் விரட்டினாள். அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை எழவில்லை. செய்தி தாவீதின் காதுக்கு எட்டியது. எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தான். தேசத்துக்காக ஏறெடுத்த விண்ணப்பத்தைக் கடவுள் கேட்டது அதற்குப் பிறகுதான். அடக்கத்தைத் தவிர்த்து ஜெபத்துக்குத் தாவ வேதத்தில் குறுக்குவழி இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். ரிஸ்பாளை மதிப்பவன் அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லமாட்டான்.

விடுதலைப் புலிகளும் கொடுமை செய்யவில்லையா என்றும் அவர் கேட்டார். செய்தார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். கடைசி மாதங்களில், தப்பியோட முயன்ற தமிழர்களையே சுட்டார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களில் அரசுப் படை குண்டு பொழிந்ததையும், மருத்துவமனைகளைத் தாக்கியதையும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டு கொலைகாரர்கள் இருந்தால் இரண்டு வழக்கு உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இது தூரத்து விவகாரமும் அல்ல. பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் உள்ள முகாம்களில் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள். போதகர் தன் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான அடுத்த மே 18ஆம் தேதி அந்த முகாம்களில் ஒன்றுக்குப் போய், பேசாமல், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆமென் சொன்னவர்களும் கூடப் போங்கள்.