வளைகுடா செல்லும் தொழிலாளரும் ஒப்பந்தத்தின் மொழியும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்லும் நம்மவர்க்கு, அங்குள்ள சீதோஷ்ணத்துக்கும் ஆகாரத்துக்கும் வழக்கங்களுக்கும் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்ற உபதேசம் புறப்படுமுன் தவறாமல் கிடைத்துவிடுகிறது. ஆயினும், இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் கல் சுமந்தவர்க்கு வெயில் புதிதன்று. தொட்டித் தண்ணீர் நள்ளிரவிலும் சுடுகின்ற கேம்ப் அறையில், அடுக்குக் கட்டிலைச் சுற்றிக் கைலியால் திரை கட்டி, அந்த ஆறடிக்குள் தமக்கென ஒரு வீட்டையே அவர் உண்டாக்கிக்கொள்கிறார். அவரால் பழகிக்கொள்ள முடியாதது வேறொன்று: தாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் மொழி.

எமது காரியாலயத்துக்கு வந்த கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர், நான்காய் மடித்திருந்த ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்தார். ஒரு பாதி அரபி, மறுபாதி ஆங்கிலம். அடியில் அவருடைய தமிழ்க் கையெழுத்து. அதில் அவர் அறிந்தது சம்பளத் தொகை ஒன்றே; சாப்பாட்டுக்குப் பிடித்தம் உண்டு என்னும் ஷரத்து அதற்கு இரண்டே வரி கீழே இருந்தது.

சட்டங்கள் இல்லாமலில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டவிரோதம். இங்கோ, 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற ஏஜெண்ட் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. எனினும், யாருடைய க்ஷேமத்துக்காக இவை இயற்றப்பட்டனவோ அவர் வாசிக்கும் மொழியில் இவை அவர் கையைச் சேராமையால், அவர் வட்டிக்கு வாங்கி விசா காசு கட்டுகிறார். பாஸ்போர்ட்டைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுகிறார்.

தங்குமிடம் தரப்படும் என்று ஒற்றை வரியில் முடியும் ஷரத்தும் எமக்குச் சம்மதமன்று. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியபோது மாண்ட இந்தியர் நாற்பதுக்கும் மேற்பட்டோர்; அவர்களுள் 7 பேர் தமிழ்நாட்டினர். ஓர் அறையில் எத்தனை பேர், வெளியேற வழி எது என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

ஆகவே, பத்தாம் வகுப்புத் தேறாதவர்க்குக் குடியகல்வு அனுமதி கோரும் எந்த மனுவையும், ஒப்பந்தத்தின் தமிழ் வாசகம் இணைக்கப்படாவிடில், அதிகாரிகள் ஏற்கலாகாது என்பது எமது தீர்மானமான கருத்து. பல மொழிகள் வழங்கும் தேசத்தில் இது காலதாமதத்தை உண்டாக்கும் என்பர். உண்டாக்கட்டும், ஒரு வாரத் தாமதம் இரண்டு வருஷக் கடனைவிடக் கொடிதன்று.

அத்தகைய உத்தரவு பிறக்கும் வரையில், ஒப்பந்தத்தோடு வருபவர் எவராயினும், அவர்க்கு எமது அங்கத்தினர் ஞாயிறுதோறும் அதை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவர். மனைவியையோ தாயையோ உடன் அழைத்துவர வேண்டுகிறோம், நகையை அடகு வைப்பவர் அவர்களாதலால்.