துணைவிக்கு ஒரு கமரா

புங்குடுதீவு அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவிற்சர்லாந்தில் உழைத்து, இளைப்பாறிய பின்னர் மனைவியுடன் ஊர் திரும்பியவர் அவர். படம் பிடிப்பதில் பேரார்வம் உடையவர். அவருடைய பெரிய கமராவும் அதற்குரிய வில்லைகளும் ஒரு பையை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் பிறந்தநாள், கலியாணம், பேரப்பிள்ளைகளின் காதுகுத்து ஆகிய அனைத்தையும் அவரே எடுத்தார். அண்மையில் அல்பங்களைப் புரட்டிப் பார்த்த மகள், "அப்பா, அண்ணாவின் கலியாணத்துக்கு நீங்கள் வரவில்லையோ?" என்று கேட்டாளாம். படம் பிடித்தவர் படத்தில் இல்லை! ஆகவே மனைவிக்கென இலகுவாகக் கையாளத்தக்க சிறியதொரு கமரா வாங்க எண்ணியுள்ளார். எதை வாங்கலாம் என்பதே கேள்வி.

தம் கமராவையே கொடுத்துப் பார்த்தாராம். "இஞ்சாருங்கோ, இதைத் தூக்கினால் எனக்குக் கை உளையும். நீங்களே எடுங்கோ" என்று அம்மையார் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மையாரின் விடையில் நியாயம் உண்டு. வில்லையோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ள பொருளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் யார் போவார்?

அன்பர் தமது முகம் அல்பத்தில் இடம்பெற வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். நாம் இதனை அதனினும் பெரிய காரியமாகக் கருதுகிறோம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் காரணமாகத் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்களே பலர். சுவரில் மாட்டியிருந்த அப்பு, ஆச்சி படங்களை எடுக்க நேரம் இருக்கவில்லை. அதனால் பாட்டன் பாட்டியின் முகத்தை ஒரு படத்திலேனும் காணாத பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். ஊரிலோ, பன்னிரண்டு வட்டாரங்களிலும் கூரை சரிந்த வீடுகளைக் காணலாம். எஞ்சியிருக்கும் முதியவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

இவ்விடத்தில் மனைவி எடுக்கும் படம் கணவன் எடுக்கும் படத்தினின்றும் வேறானது. கணவர் கமராவைத் தூக்கியதும், பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருக்கும் ஆச்சி வேலையை விட்டெழுந்து சேலையைச் சரிசெய்து விறைத்து நிற்பார். அவ்வீட்டுக்கு நாள்தோறும் கறி மாற்றப் போய்வரும் பெண்ணொருத்தி எடுத்தால், ஆச்சி கிழங்கையும் விடமாட்டார், கதையையும் விடமாட்டார். தேரையும் தீர்த்தத்தையும் எடுக்க ஊரில் ஆயிரம் கமராக்கள் உண்டு. அடுப்படியை எடுப்பவர் எவருமில்லை.

குடும்பத்தார் கொடுத்த கமரா ஒன்று என்ன செய்தது என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு வரலாறே சான்று. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கு 1863ஆம் ஆண்டு, அவருடைய நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அவருடைய கணவருக்கு இலங்கையில் தோட்டங்கள் இருந்தன; தோட்ட அலுவல்கள் கணவரை இங்கு இழுத்தன. தனிமையில் இருக்கும் தாய்க்குப் பொழுது போகட்டும் என்பதே பிள்ளைகளின் நினைப்பு. அம்மையாரோ நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். டார்வின், டெனிசன் போன்ற பெரியோரையும் தம் வீட்டுப் பணிப்பெண்களையும் ஒரே மதிப்போடு படம் பிடித்தார். 1875இல் கணவருடன் இலங்கைக்கே குடிவந்து, இங்குள்ள தொழிலாளரையும் கிராமத்தவரையும் எடுத்தார். அப்படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. 1879இல் இந்நாட்டிலேயே காலமானார். மலைநாட்டில் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியுள்ளார்.

அவர் கையாண்ட முறையில் கண்ணாடித் தகட்டின் மீது ஈர மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவவேண்டும். அத்துன்பத்தைக் குறைப்பதே அதன் பின்வந்த கமராக்களின் கதை. 1900இல் கொடாக் நிறுவனம் ஒரு டொலருக்கு விற்ற பிரௌனிப் பெட்டி சிறுவரையும் படமெடுக்கச் செய்தது. 1963இல் வந்த இன்ஸ்ரமற்றிக், பிலிம் மாட்டும் தொல்லையைத் தீர்த்தது. 1977இல் கொனிக்கா தானே தூரம் கணித்துத் தெளிவு காணும் சிறு கமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகவே இன்று 'இலகு' என்பதற்குப் பொத்தான் குறைவு என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. எந்தச் சிறு கமராவும் தானியங்கி நிலையில் விட்டால் படம் எடுத்துத் தரும். தொல்லை வேறிடங்களில் இருக்கிறது.

முதலாவது, கண். நாற்பது கடந்தோர்க்கு வெள்ளெழுத்து வந்துவிடும். கமராவின் பின்புறத் திரையைப் பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும். தேடி எடுப்பதற்குள் பேரன் ஓடிவிடுவான். அன்றியும், தீவகத்து நண்பகல் வெயிலில் திரையில் தம் முகமே தெரியும், படம் தெரியாது. ஆதலின் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் உடைய கமராவே மேலானது. அதன் அருகிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி, கண்ணாடி அணியாமலே தெளிவாகத் தெரியுமாறு அமைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் இதைச் சொல்வது அருமை. அவர் மெகாபிக்சலைத்தான் சொல்வார்.

இரண்டாவது, ஒளி வாங்கும் தகடு. மலிவான சிறு கமராக்களில் இது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமும் 4.5 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஓர் அங்குல வகை எனப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், பரப்பில் நான்கு மடங்கு. விளக்குவைத்த நேரத்துத் திண்ணையிலும் புகை படிந்த அடுப்படியிலும் இவ்விரண்டின் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும்.

மூன்றாவது, உப்பும் மணலும். சிறு கமராக்களிற் பெரும்பாலானவற்றில், இயக்கியதும் வில்லை முன்னே நீண்டு வரும். அந்த இடுக்கில் ஒரு மணற்றுகள் புகுந்தால் வில்லை நடுவழியில் நின்றுவிடும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுவோர் இதனை மறக்கலாகாது. கடற்காற்றில் எடுத்த கமராவை வீடு வந்ததும் சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். குடிநீரில் நனைத்த துணியே நன்று. ஊர்க் கிணறுகள் பலவற்றின் நீர் உவர், அதனால் துடைப்பது உப்பின் மேல் உப்பு.

இனி, பெயர் சொல்லவேண்டிய இடம். சோனி நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 100 வரிசையில் 2014இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் 2019இல் வந்த ஏழாம் பதிப்பு வரை, ஓர் அங்குலத் தகடும் மேலெழும் பார்வைத் துவாரமும் உண்டு. ஏழாவதன் நிறை 302 கிராம். உடல் வழவழப்பானது, மணிக்கட்டு வாரின்றிக் கையில் எடுக்கலாகாது. புதியது விலை கூடியது. மூன்றாம் பதிப்பைப் பழையதாக வாங்கினாலும் குறையில்லை. 2023இல் வந்த ரி.ஜி. 7 என்னும் கமரா ஒலிம்பஸ் வழிவந்தது. 249 கிராம் நிறையுள்ள இதன் வில்லை வெளியே நீள்வதில்லை. 15 மீற்றர் ஆழ நீரையும் தாங்கும். ஒரு சென்ரிமீற்றர் அருகில் உள்ளதையும் தெளிவாக எடுக்கும். ஆயின் பார்வைத் துவாரம் இல்லை, தகடும் சிறிது. கனன் எஸ்.எக்ஸ். 740 தொலைவிலுள்ளதை 40 மடங்கு அருகே கொண்டுவரும். தேர்முட்டியில் நின்று கலசத்தை எடுக்கலாம். அத்துணை நெருக்கத்தில் கை நடுங்கினால் கலசமும் நடுங்கும். கொடாக் என்னும் பெயரில் இன்று மலிவாக வருபவை, அப்பெயரை உரிமம் பெற்ற வேறு நிறுவனத்தின் தயாரிப்புகள். அது குற்றமன்று, பழைய நினைவில் மயங்காதிருந்தாற் போதும். நைக்கன் நிறுவனம் தன் கமராக்கள் சிலவற்றில் தமிழ் மொழியையும் சேர்த்திருக்கிறது என்பதையும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

அன்பரின் துணைவியார் கடற்கரையிலும் படகிலும் மிகுதியாக எடுப்பாராயின் ரி.ஜி. 7. அடுப்படியும் திண்ணையும் மாலைப் பூசையுமே அவர் உலகமாயின் சோனியின் மூன்றாம் பதிப்பு. நம் விருப்பம் பின்னதே. ஆனால் கடைக்குத் தனியே போய் வாங்கிவந்து வியப்பில் ஆழ்த்தும் எண்ணத்தை அன்பர் கைவிடவேண்டும். சேலை எடுப்பதற்கு அம்மையாரை அழைத்துப் போகும் கணவர், கமராவுக்கு மட்டும் தனியே போவானேன்? அவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பையிலிருந்து எடுத்து, இயக்கி, ஒரு படம் பிடித்து, மீண்டும் பையில் வைக்கட்டும். எதில் முகம் சுளிக்கவில்லையோ அதுவே அவருக்குரியது. பழையது வாங்கினால் வில்லை தடையின்றி நீண்டு சுருங்குகிறதா என்று பலமுறை பார்க்கவும். பற்றரி இன்னும் விற்பனையில் உண்டா என்றும் கேட்கவும்.

கைத்தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு என்று மாணவ வாசகர் கேட்பர். அம்மையார் ஏற்கனவே கைத்தொலைபேசியில் மகிழ்ந்து படமெடுப்பவராயின் எதுவும் வாங்கவேண்டாம் என்பதே நம் விடை. எடுக்கும் தறுவாயில் மகளின் அழைப்பு வருவதும், கண்ணாடித் திரையில் ஈரவிரல் பதியாமற் போவதும் அவருக்கு எரிச்சலூட்டுமாயின் மட்டும் கமரா.

படங்களை ஒரே அட்டையில் விட்டுவைப்பது, ஒரே அல்பத்தை ஒரே சுவரில் மாட்டியதற்குச் சமம். மாதம் ஒருமுறை ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று கடல் கடந்த பிள்ளையிடம் என்று பிரித்து வைக்கவேண்டும். அயலவர் பெட்டியில் எஞ்சியிருக்கும் பழைய நிழற்படங்களையும் இக்கமராவாலேயே பிரதி எடுக்கலாம். யன்னலோரத்தில், வெயில் நேரே படாதவாறு படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷை நிறுத்திவிட்டு எடுத்தால் மினுக்கம் விழாது.

கொடுக்குமுன் அன்பர் செய்யவேண்டிய வேலையும் உண்டு. திகதியையும் நேரத்தையும் சரிசெய்து, தானியங்கி நிலையில் வைத்து, கீச்சிடும் ஒலியை நிறுத்தி, மேலதிக பற்றரி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கவும். பின்னர் அருகில் நின்று கற்பிக்காதிருக்கவும். முதற் படங்கள் சிலவற்றில் தலை வெட்டுண்டிருக்கும். வெட்டுண்டது பெரும்பாலும் அன்பருடைய தலையாகவே இருக்கும். அதையும் அழிக்காமல் மகளுக்கு அனுப்பிவைக்கட்டும்.