லைக்கை எண்ணாதீங்க, கதவை எண்ணுங்க!

தோழர்களே,

நேத்து போட்ட வீடியோ எத்தனை வியூஸ் போச்சுன்னு கேட்டா டக்குன்னு சொல்றோம். நம்ம தெருவுல எத்தனை பேருக்கு வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குன்னு கேட்டா? பதில் இல்லை.

ஆன்லைன் வேலை வீண் என்று சொல்லவில்லை. அது களப்பணிக்குத் துணை. களப்பணிக்கு மாற்று அல்ல. 2008-ல் அமெரிக்காவில் ஒபாமாவின் பிரச்சாரக் குழு இதைப் புரிந்து வைத்திருந்தது. அவர்கள் இணையதளத்தில் சேர்ந்த ஆதரவாளருக்கு, அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்ற பட்டியலே கிடைத்தது. திரையில் தொடங்கிய வேலை வாசலில் முடிந்தது.

நம்ம கையில் இருக்கிற போனே அதுக்குப் போதும்.

✅ தேர்தல் ஆணைய இணையதளத்தில் உங்க பாகத்தின் பட்டியலை டவுன்லோடு பண்ணுங்க. தெருவாரியா பிரிச்சு, ஆளுக்கு 20 வீடு எடுத்துக்கோங்க.

✅ பேர் இல்லையா? படிவம் 6. வீடு மாறிட்டாங்களா, விவரத்துல பிழையா? படிவம் 8. அவங்க வாசல்லயே உக்காந்து, அவங்க கண் முன்னாடியே போன்ல நிரப்பிக் கொடுங்க.

✅ 17 வயசு முடிஞ்ச தம்பி, தங்கைகள் இப்பவே விண்ணப்பிக்கலாம்னு சொல்லுங்க.

✅ பூத் வாட்ஸ்அப் குரூப்ல குட்மார்னிங் படம் வேண்டாம். போன வீடு எத்தனை, பூட்டியிருந்த வீடு எத்தனை, விடுபட்ட பேர் எத்தனை. இது போதும். யாருடைய அடையாள அட்டை போட்டோவையும், போன் நம்பரையும் அங்கே போடாதீங்க. நம்பிக் கொடுத்தது அது.

ஏன் இவ்வளவு சொல்றோம்? வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிற கூலித் தொழிலாளியும், பிள்ளைகள் வெளியூர் போனபின் தனியா இருக்கிற பாட்டியும் நம்ம பதிவைப் பார்க்கப் போறதில்லை. பேர் விடுபட்டது ஓட்டுப்போட வரிசையில் நிற்கும்போதுதான் அவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு நாம எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பேர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. இழந்த அந்த ஓட்டை எந்த டிரெண்டிங்கும் திருப்பித் தராது.

அதனால இந்தப் பதிவுக்கு லைக் வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவுல இறங்குங்க. ராத்திரி வந்து, இன்னிக்கு எத்தனை கதவு தட்டினீங்க என்று மட்டும் கமெண்ட்ல போடுங்க.

அந்த எண்ணிக்கைதான் நம்ம பலம்!

#வாசலுக்குப்_போவோம்