கதவைத் திறந்து வைத்துத் தரலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் 'சர்வர்' என்றாலே பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு போல்டரை வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஷேர் செய்து பாருங்கள். அந்த நிமிடமே உங்கள் கம்ப்யூட்டரும் ஒரு சர்வர்தான். பைல் கேட்பவரும் கொடுப்பவரும் பேசிக்கொள்ளும் முறைக்குப் புரோட்டோகால் என்று பெயர்.

எந்தப் புரோட்டோகால், எந்தப் போர்ட் என்பதையெல்லாம் சாப்ட்வேர் நிறுவனமே முன்கூட்டி அமைத்துத் தருகிறது. இதுதான் டிபால்ட் செட்டிங்ஸ். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆகவே நிறுவனம் வைத்ததே கடைசிவரை நிலைத்துவிடுகிறது. அதனால்தான் டிபால்ட் எப்போதும் மூடிய கதவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் பயர்வால் இருந்தது. ஆனால் டிபால்ட்டாக அது ஆஃப் செய்யப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் வந்தது. மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். இன்டர்நெட்டில் இணைந்திருந்தாலே போதும், திறந்து கிடந்த போர்ட் 135 வழியாக நுழைந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-ல்தான் பயர்வால் டிபால்ட்டாக ஆன் ஆனது.

பாடம் முழுமையாகப் படிக்கப்படவில்லை. பைல் ஷேரிங்கிற்கான எஸ்.எம்.பி. 1 என்ற புரோட்டோகால் 1980-களைச் சேர்ந்தது. விஸ்டா காலத்திலேயே அடுத்த பதிப்பு வந்தும், பழையதும் கூடவே இயங்கிக்கொண்டிருந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூடத் திணறின. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் பதிப்பிலிருந்து, விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் பதிந்தால் எஸ்.எம்.பி. 1 சர்வர் டிபால்ட்டாக வருவதில்லை.

"மூடிவிட்டால் என் பழைய ஸ்கேனர் போல்டருக்குப் பைல் அனுப்பாதே" என்பீர்கள். நியாயமான குறைதான். ஆனால் ஸ்கேனர் வேலை செய்யாவிட்டால் உடனே தெரிந்துவிடும், காரணம் தேடலாம். திறந்த போர்ட்டோ சத்தம் போடாது. குழந்தையின் பிறந்தநாள் போட்டோக்கள் பூட்டப்பட்ட பிறகுதான் தெரியும். ஒருவருடைய பழைய ஸ்கேனருக்காக எல்லார் வீட்டுக் கதவையும் திறந்து வைப்பது எந்த ஊர் நியாயம்? தேவைப்படுபவர், எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தானே திறந்துகொள்ளட்டும்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்றே பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பகுதியைத் திறக்கவும். 'எஸ்.எம்.பி. 1.0' என்று தொடங்கும் வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, ஓகே கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும். பயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது வீட்டுக்குச் சாவி வாங்கியதும் பின்வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்ப்போம் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் அதைச் செய்திடுங்கள்.