அடைமழை நாளில் ஒரு ‘வீடு’

மாரி பிறந்துவிட்டால் வெருகல் வாசிகளுக்கு இரண்டு கண்ணும் ஆற்றின் மேலேயே இருக்கும். இங்கே பெய்கிற மழையை மட்டும் பார்த்திருந்தால் போதாது. மலைநாட்டில் பெய்கிற மழையையும் மகாவலி நமது வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். வயல் வெளுத்துப்போய்க் கடல்போற் கிடக்கும். கடலோ தோணி இறக்க விடாது. பாடசாலைக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். பிறகென்ன, எல்லோரும் வீட்டோடுதான்.

வீட்டோடு இருக்கிறோம் என்றேனே தவிர, ஒன்றாக இருக்கிறோமா என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் ஐந்து பேர், கைத்தொலைபேசிகள் நான்கு. அதாவது ஒரே கூரையின் கீழ் நான்கு படமாளிகைகள். ஐந்தாமவராகிய என் தாயார் மாத்திரம் எந்த மாளிகைக்கும் நுழைவுச் சீட்டுக் கிடைக்காமல் விறாந்தையில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சிறுவனாக இருந்தபோது இந்த ஊர்களில் மின்சாரம் அரிது. யாராவது ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் ‘டெக்’ வாடகைக்கு வரும். கூடவே ஜெனரேட்டர் வரும். முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். இரண்டாவது படத்தின் நடுவில் சிறுவர் உறங்கிப்போவோம். ஆனாலும் மறுநாள் மூன்று படத்தின் கதையையும் சொல்லுவோம். படத்தைவிட, பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் முகங்களே இன்று நினைவில் நிற்கின்றன.

சென்ற மாரியில் மாணவன் ஒருவன், “சேர், மழைக்க இருந்து பார்க்க நல்ல படம் ஒண்டு சொல்லுங்க” என்று கேட்டான். தமிழ் கற்பிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தோன்றிற்று. யோசித்துப் பார்த்தால், புத்தகம் சொல்லத் தயங்காத ஆசிரியன் படம் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? அவனுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலாவதாக நான் சொல்லுவது ‘வீடு’. 1988இல் வெளிவந்தது. எடுத்தவர் பாலு மகேந்திரா. அவரை இந்தியர் என்றே எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர் பலர் உளர். அவர் பிறந்தது வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, மட்டக்களப்பு அமிர்தகழியில், 1939ஆம் ஆண்டில். பூனாவிலுள்ள திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, இந்தியத் திரையுலகில் பெயர் நாட்டி, 2014இல் சென்னையில் மறைந்தார்.

‘வீடு’ படத்தில் பாட்டு இல்லை; சண்டை இல்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவளுடைய தங்கை, முதிர்ந்த பாட்டனார். குடியிருக்கும் வாடகை வீட்டை விட்டு எழும்ப வேண்டிய நிலை வருகிறது. சொந்தமாக இருக்கும் நிலத்தில் ஒரு பகுதியை விற்று மறுபகுதியில் சிறியதொரு வீடு கட்டலாம் என்று துணிகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் கடன் கேட்டு ஏறி இறங்குகிற படிகள், கட்டிடம் எழுப்ப வந்தவன் செய்கிற மோசடி, அதை வெளிப்படுத்துகிற கூலிப்பெண்ணின் நேர்மை ஆகியவற்றைப் பார்க்கும்போது, இஃது ஒரு கற்பனைக் கதை என்பதே மறந்துபோகிறது. அப்பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்திய அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆயினும் என் மனத்தில் நிற்பவர் பாட்டனாராக வரும் சொக்கலிங்க பாகவதரே. நாடக மேடையில் முதிர்ந்தவர். அரைகுறையாக எழும்பி நிற்கும் வீட்டைத் தன்னந்தனியாகப் பார்க்கப் போகிறார். சுவரைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இப்படத்தைப் பார்க்கலாம். முடிவை நான் சொல்லப்போவதில்லை. சிறுவயதில் தம் தாயார் வீடு கட்டப் பட்ட பாட்டைக் கண்டதே இதற்கு வித்தென்று பாலு மகேந்திரா கூறியிருக்கிறார்.

இதை எங்கள் வீட்டில் போட்ட கதையையும் சொல்ல வேண்டும். நான்கு கைத்தொலைபேசிகளையும் மேசையில் வைக்கச் சொல்லி, ஒன்றை மட்டும் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தேன். மகளுக்கு முகம் சுருங்கிற்று, மகன், “கறுப்பு வெள்ளையா?” என்று பயந்தான். அம்மாவை உள்ளே அழைத்து நடுவில் இருத்தினோம். அரைமணி நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. சீமெந்து மூடைக் கணக்கு வந்ததும், “என்ன மகன், நம்மட வீட்டையெல்லோ எடுத்து வச்சிருக்காங்க!” என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. 2006இல் ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் உடுத்த துணியோடு வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். அவர்களுள் நாங்களும் இருந்தோம். திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன. கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. ஒரு வருடம் தகரம், ஒரு வருடம் ஓடு, ஒரு வருடம் யன்னல் என்று கட்டினோம். பின்புறச் சுவருக்கு இன்றும் பூச்சு இல்லை. இவற்றையெல்லாம் என் பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. அன்றிரவு படம் ஓட ஓட அம்மா சொன்னார். எந்த மேசன் எத்தனை நாள் வராமல் இருந்தான், எந்த மூடை மழையில் நனைந்து கல்லாயிற்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மகன் படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டான். பாதிப்படமே மூன்று மணி நேரம் ஓடிற்று. பிறகு மின்சாரம் போய்விட்டது. மீதியை மறுநாள் பார்த்தோம்.

சிறுவர் உள்ள வீடுகளுக்கு ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ என்ற ஈரான் நாட்டுப் படத்தைச் சொல்லுவேன். மஜீத் மஜீதி 1997இல் எடுத்தது. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் சப்பாத்தை அவளோடு மாற்றி மாற்றி அணிகிறான். அவளுக்குக் காலைப் பாடசாலை, அவனுக்கு மாலை. ஓட்டப்பந்தயம் ஒன்றில் மூன்றாம் பரிசு ஒரு சோடி சப்பாத்து. ஆகவே அவன் முதலாவதாக வரக்கூடாது, மூன்றாவதாக வரவேண்டும்! மொழி பாரசீகம், அடியில் ஆங்கில எழுத்து ஓடும். ஆங்கிலம் படிக்கும் மாணவர் அதை வாசித்துப் பாட்டிமாருக்குத் தமிழில் சொல்லட்டும். எங்கள் வீட்டில் மகள் சொன்னாள்; பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை.

நம் நாட்டுத் தமிழ்ப்படம் ஒன்றும் அவசியம். ‘பொன்மணி’, 1977. இயக்கியவர் சிங்களவரான தர்மசேன பத்திராஜ; எழுதியவர் காவலூர் இராசதுரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் சீதனமும் சாதியும் செய்கிற வேலையை இரைச்சலின்றிக் காட்டுகிறது. வெளிவந்த காலத்தில் ஓடவில்லை. மெதுவாக நகரும் படம். பொறுமையற்றவர்கள் குறை சொல்லுவார்கள், சொல்லட்டும். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிந்தபோது பல படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. எஞ்சியிருப்பவற்றையாவது நம் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டாமா? ‘வீடு’ படத்துக்கும் மூலச்சுருள் இல்லாமற் போயிற்று என்று பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் வருந்தினார். நாம் இணையத்தில் காண்பது மங்கலான பிரதியே.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் தரத்தை 480 என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டால் டேட்டா வெகுவாக மிச்சமாகும். கிழவர் கண்ணுக்கும் சிறுவர் கண்ணுக்கும் அதுவே தாராளம். ஆறு பெருகுமுன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தபின் அலைத்தொடர்பை நம்ப முடியாது. மின்னேற்றமும் அப்படியே: படம் பார்த்தே அதைத் தீர்த்துவிட்டு, வெள்ள எச்சரிக்கை வரும் வேளையில் வெறுங்கருவியோடு இருக்கக்கூடாது. ஒன்றை எப்போதும் நிறைத்து, அணைத்து வையுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’, 1955. பணமின்றிப் பாதியில் நின்ற இப்படத்துக்கு மேற்கு வங்க அரசு உதவியபோது, பெயரில் பாதை இருந்தபடியால் வீதி அபிவிருத்திக் கணக்கில் பணம் கொடுத்தார்களாம். அதன் மூலச்சுருளும் 1993இல் இலண்டனில் தீயிற் பட்டது. ஆயினும் பாடுபட்டுச் சீர்செய்து 2015இல் புதுப்பிரதியாக வெளியிட்டார்கள். உலகம் போற்றும் படம். நான் மாணவனாக இருந்தபோது பார்த்து ஓர் இரவு முழுவதும் உறங்காமல் இருந்தேன்.

அதை இந்த மாரிக்கு இறக்கி வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஓர் இரவு வருகிறது: காற்றும் மழையும் பாழடைந்த வீட்டின் கதவைப் பிய்க்க, ஒரு தாய் நோயுற்ற மகளை அணைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறாள். வெளியே எங்கள் ஆறு இரைந்துகொண்டிருக்க, அதை அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து போடுவதா, பங்குனி வெயில் வரும்வரை பொறுத்திருப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.