ஓட்டத்தின் நடுவே ஃபஜ்ர்

அரை மாரத்தான் என்பது 21.1 கிலோமீட்டர். வெயிலுக்கு அஞ்சி நம் ஊர்களில் விடியுமுன்பே அதனைத் தொடங்கிவிடுகின்றனர். ஜனவரி மாதச் சென்னையில் ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரண்டரை மணி நேரம் ஓடுபவருக்கு, ஃபஜ்ருடைய நேரம் முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும். ஓட்டக் குழுக்களில் சேர்ந்துள்ள நம்மவர்களுக்கு இதுவே சோதனை.

ஓட வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உடல்நலம் பேணுவதும் அமானிதமே. ஆயினும், 'வீட்டுக்கு வந்து களாச் செய்துகொள்ளலாம்' என்னும் எண்ணம் முறையன்று. பந்தயம் நாமே விரும்பி ஏற்றது; தொழுகையோ நம்மீது கடமையாக்கப்பட்டது.

வழி எளிதே. உளூவுடன் புறப்படுவோம். முழங்காலை மறைக்கும் உடை அணிவோம். நேரம் வந்ததும் சாலையோரம் தூய்மையான இடத்தில் இருவர் மூவராயினும் ஜமாஅத்தாகத் தொழுவோம். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக்கப்பட்டுள்ளதன்றோ?

சென்ற முறை நாம் அவ்வாறே நின்று தொழுதோம். குழுவில் கடைசியாகவே வந்து சேர்ந்தோம். தாமதத்தின் காரணத்தை வினவிய பிற சமயத் தோழர்கள், அடுத்த ஓட்டத்தில் நமக்காக இடம் பார்த்து வைப்பதாகக் கூறினர். அல்ஹம்துலில்லாஹ்!