மின்சார வண்டியும் பெண்கள் உரிமையும்

சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி 120 மின்சாரப் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. அவற்றில் டீசல் புகை கிடையாது. இன்ஜின் இரைச்சலும் கிடையாது. அடித்தளம் தாழ்வாக இருப்பதால் கிழவிகளும், கர்ப்பஸ்திரீகளும், கைக்குழந்தைக்காரிகளும் யார் கையையும் பிடிக்காமல் ஏறலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சாய்வுப் பலகையும் இருக்கிறது. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஏனெனில், பஸ் புகையை அதிகமாகச் சுவாசிக்கிறவர்கள் பங்களாவுக்குள் இருப்பவர்கள் அல்ல. ரோட்டோரத்தில் பூவும் கீரையும் விற்கிற பெண்களும், தெருக் கூட்டுகிறவர்களும், பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் கால் கடுக்க நிற்கிற கூலிக்காரர்களுமேயாவார்கள்.

ஆனால், வண்டியை ஓட்டுவது டீசலா, மின்சாரமா என்பது மாத்திரமே கேள்வியல்ல. அதை ஓட்டுவது யார், அதில் ஏறுவது யார், அது எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் யார் என்பவைகளும் கேள்விகளேயாகும். இந்தக் கேள்விகளை யாரும் கேட்காவிட்டால், வண்டி புதிதாகவும் வழக்கம் பழையதாகவுமே இருந்துவரும்.

பெண்களை டிரைவர் வேலைக்கு வைத்துக்கொள்ளாததற்கு இதுவரை சொல்லப்பட்டுவந்த முக்கிய காரணம் “பலம்” என்பதாகும். பெரிய வண்டியில் கிளச்சு மிதிக்க வேண்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் கியர் மாற்ற வேண்டும், இன்ஜின் சூட்டில் வேக வேண்டும். இது ஆண்பிள்ளைக் காரியம் என்றார்கள். அது அப்பொழுதே பொய்தான். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி என்கின்ற அம்மையார் 1993-ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டுச் சர்க்கார் பஸ்ஸின் டிரைவராகி, 2017-ல் ஓய்வு பெறும் வரை இதே கிளச்சையும் இதே கியரையும் வைத்துத்தான் ஓட்டினார். வண்டி அவரைப் பார்த்து, “நீ பெண், நான் நகரமாட்டேன்” என்று சொல்லவில்லை. மலையாளக் கரை ஓரத்து ரோடும், அதன் வளைவுகளும் அவருக்குத் தனிச் சலுகை காட்டவுமில்லை.

இப்பொழுதோ அந்தப் பொய்யைச் சொல்லவும் இடமில்லாமல் போய்விட்டது. மின்சாரப் பஸ்ஸுக்குக் கிளச்சு கிடையாது. பெரும்பாலானவற்றில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. டிரைவர் பக்கத்தில் கொதிக்கிற இன்ஜினும் கிடையாது. பலத்தைச் சாக்காகச் சொல்லிவந்தவர்கள் இனி என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்?

டில்லியைப் பாருங்கள். அங்கே சர்க்கார் பஸ்ஸில் முதல் பெண் டிரைவர் வேலைக்கு வந்தது 2015-ல். பிறகும் ஏன் பெண்கள் வரவில்லை என்று விசாரித்துப் பார்த்தால், உயரம் 159 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி குறுக்கே நின்றது. கனரக வண்டி லைசென்சு வாங்கி மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும் என்று மற்றொரு விதி. வேலையே கொடுக்காத இடத்தில் அனுபவம் எங்கிருந்து வரும்? தண்ணீரில் இறங்கவிடாமல், நீச்சல் தெரிந்தால்தான் இறங்கவேண்டும் என்பது போன்ற நியாயம் இது. 2022-ல் உயரத்தை 153 சென்டிமீட்டராகக் குறைத்து, அனுபவத்தை ஒரு மாதமாக ஆக்கினார்கள். பெண்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். பெண்களின் உடல் ஒரே ராத்திரியில் மாறிவிட்டதா? இல்லை. மாறியது அளவுகோல்தான். அப்படியானால் அதுவரை குறை பெண்ணிடத்தில் இருந்ததா, அளவுகோலைப் பிடித்த கையில் இருந்ததா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நம்முடைய நாட்டில் புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் தெருவில் இறக்குகிறார்கள். நசுங்கிப்போன பழம் வண்டியைக் காப்பாற்றும் என்று நம்ப முடிகிறவர்களுக்கு, பரீட்சை கொடுத்து லைசென்சு வாங்கின பெண் வண்டியைக் காப்பாற்றுவாள் என்று மாத்திரம் நம்ப முடியவில்லையென்றால், இந்த அறிவை என்னவென்று சொல்லுவது?

நிற்க, “ராத்திரி வேலைக்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? ஆபத்தல்லவா?” என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். ஆபத்து யாரால்? புலியாலா, கரடியாலா? ஆணால்தானே! குற்றம் செய்கிறவனை வெளியே விட்டுவிட்டு, குற்றம் செய்யாதவளை வீட்டுக்குள் பூட்டுவது எந்த ஊர் நியாயம்? மேலும் ராத்திரி ஆஸ்பத்திரியில் நர்சு வேலைக்குப் பெண் வேண்டும். விடியற்காலத்தில் தெருக் கூட்டப் பெண் வேண்டும். அப்பொழுதெல்லாம் இவர்களுக்கு இந்தப் பயம் வருவதில்லை. நல்ல சம்பளமும் ஸ்டியரிங்கும் கைக்கு வருகிறபோது மாத்திரம் வருகிற பயத்திற்குப் பயம் என்று பெயரல்ல. டிப்போவில் பூட்டுப்போட்ட கக்கூசும், படுத்து எழும்ப ஒரு அறையும், நல்ல விளக்கும், வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு வண்டியும் வைத்தால் பாதி ஆபத்து தீர்ந்து போகும். இவைகளுக்காகும் செலவு ஒரு மின்சாரப் பஸ்ஸின் பாட்டரி விலைக்குக்கூட வராது.

இனி ஒப்பந்த விஷயத்தைப் பார்ப்போம். சென்னையில் ஓடும் இந்த மின்சாரப் பஸ்கள் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சொந்த வண்டிகள் அல்ல. கம்பெனி வண்டியையும் டிரைவரையும் கொடுக்கிறது. கழகம் ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. கண்டக்டர் மாத்திரம் கழகத்து ஆள். ஆகவே, டிரைவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், “அது கம்பெனியின் காரியம்” என்று சுலபமாகக் கையை உதறிவிட இடமிருக்கிறது. பணம் பொதுஜனங்களுடையது; ரோடு பொதுஜனங்களுடையது; பொறுப்பு மாத்திரம் யாருடையதும் அல்ல என்றால் இது என்ன கணக்கு? கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் எத்தனை காசு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, டிரைவர்களில் இத்தனை பேர் பெண்களாக இருக்கவேண்டும், அவர்களுக்குச் சம்பளத்துடன் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுத எத்தனை நேரமாகும்?

இதுபோலவே நேரப்பட்டியல் விஷயமும். பஸ்கள் அதிகமாக விடப்படுவது காலையில் ஆபீசுக்குப் போகிற நேரத்திற்கும், மாலையில் திரும்புகிற நேரத்திற்கும்தான். பெண்ணின் பிரயாணம் அப்படிப்பட்டதல்ல. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிறகு வேலைக்கு ஓடுகிறவள் அவள். மின்சாரப் பஸ்களுக்கு நடுப்பகலில் நிறுத்திச் சார்ஜு ஏற்றுகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கூட்டம் குறைந்த நேரந்தானே என்று ஏற்பாடு செய்கிறவர்கள் நினைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் வெயிலில் நிற்கிற கூட்டம் யாருடையது என்று ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்த்தால் தெரியும். சார்ஜு ஏற்றுகிற நேரத்தை நிர்ணயிக்கும் மேஜையைச் சுற்றி ஒரு பெண்கூட இல்லாவிட்டால் இப்படித்தான் முடியும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று உத்தரவு போடப்பட்டது. பிறகு திருநங்கையருக்கும், ஊனமுற்றோருக்கும், அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களுக்கும் அது விஸ்தரிக்கப்பட்டது. மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்ததில் இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரியவந்தது. இதைக் கண்டு வயிறெரிந்தவர்கள் “ஓசிப் பிரயாணம்” என்று கேலி செய்தார்கள். நாம் கேட்கிறோம்: கோடிக்கணக்கான ரூபாயில் சர்க்கார் கட்டிய மேம்பாலத்தின் மேல் காரில் போகிற கனவான் காசு கொடுத்தா போகிறார்? அவரை யாராவது ஓசி என்று அழைத்ததுண்டா? காரில் போகிறவனுக்குச் செய்தால் அபிவிருத்தி. பஸ்ஸில் போகிறவளுக்குச் செய்தால் பிச்சையா? வீட்டில் கூலியில்லாமல் காலமெல்லாம் சமைத்துப் போட்ட சோறுதான் உண்மையில் ஓசி. அதைச் சாப்பிட்டவர்கள் இந்த வார்த்தையைச் சொல்ல யோக்கியதை அற்றவர்கள்.

வேலை கொடுத்துவிட்டால் மாத்திரம் போதுமா என்றால் போதாது. கொச்சியில் 2017 ஜூன் மாதம் மின்சார ரயிலான மெட்ரோ திறக்கப்பட்டபோது 23 திருநங்கையர், திருநம்பியருக்கு வேலை கொடுத்தார்கள். நாடே புகழ்ந்தது. ஒரு வாரத்திற்குள் எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள். ஏன்? வேலை தெரியாமலா? இல்லை; அவர்களுக்கு ஊரில் யாரும் குடியிருக்க இடம் வாடகைக்குக் கொடுக்கவில்லை. மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட்டை அவர்கள் கையால் வாங்கிக்கொண்ட அதே ஜனங்கள், வீட்டுத் திண்ணையில் அவர்களை ஏற்றவில்லை. மனிதன் எப்பொழுது மாறுவான்?

மாறமாட்டான் என்று நாம் சொல்லவில்லை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது? அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தபோது, கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அம்மையார் சைக்கிள் பழகுவதையும் அதனுடன் சேர்த்தார். பெண் சைக்கிளில் ஏறினால் கேலியும் கிண்டலும் கிளம்பின. அதைச் சட்டை செய்யாமல் குவாரிக் கூலிகளும் விவசாயக் கூலிகளும் பழகினார்கள். 1992 மார்ச்சு 8-ந் தேதி 1,500 பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதியில் ஊர்வலம் வந்தார்கள். அந்த மாவட்டத்தில் சைக்கிள் பழகிய கிராமத்துப் பெண்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தொட்டது. தண்ணீர்க்குடமும், பிள்ளையும், விளைச்சலும் சைக்கிளில் ஏறின. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. எந்தச் சாஸ்திரமும் அதனால் இடிந்து விழவில்லை, விழுந்திருந்தாலும் நஷ்டமில்லை.

இன்று சைக்கிள் இருந்த இடத்திற்கு மின்சார ஸ்கூட்டர் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கத்து ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பெண்களைக் கொண்டே நடத்தி 10,000 பேருக்கு வேலை கொடுப்பதாக 2021-ல் விளம்பரம் செய்யப்பட்டது. வண்டியைப் பூட்டுகிற கைகள் பெண்களுடையவை என்றால், அதை ஓட்டுகிற கையும், பதிவுப் புத்தகத்தில் எழுதப்படுகிற பெயரும் ஏன் பெண்ணுடையதாக இருக்கக்கூடாது? கடன் பெண் பேரில், வண்டி ஆண் கையில் என்பது பழைய அடிமைத்தனத்திற்குப் புது பாட்டரி போடுவதேயாகும்.

ஆகவே, சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று. ஒப்பந்தத்தில் பெண் டிரைவர்களுக்கு இடம் எழுதவேண்டும். டிப்போவில் அவர்களுக்குரிய வசதி செய்யவேண்டும். நேரப்பட்டியல் போடும் இடத்தில் பெண்களையும் ஊனமுற்றோரையும் உட்கார வைக்கவேண்டும். ஆனால் சர்க்காரை மாத்திரம் கேட்டுக்கொண்டிருப்பது நம் வேலையல்ல. இதைப் படிக்கிற ஒவ்வொரு தோழரும் இந்த வாரமே தம் வீட்டில் வண்டி எதுவாயிருந்தாலும் அதன் சாவியை மனைவியிடமோ, மகளிடமோ, தங்கையிடமோ கொடுத்து, ஓட்டப் பழக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் மேடையேறிப் பெண் விடுதலை பேசாதிருப்பது நல்லது.